மாசிலாமணியோடு வந்தவர்

எந்த ஊரில் பிறந்தாய் என்று கேட்காமல் ஒரு சொல்லையும் வீட்டுக்குள் விடமாட்டார் ராஜசேகரன். மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தில்லி கரோல் பாகில் இரண்டாம் மாடியில் வாடகை வீடு. சென்னையிலிருந்து வரும் ஒரு பத்திரிகைக்கு வாரம் ஒரு ஆங்கில வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு, அது எங்கே பிறந்தது, யார் வாயில் வளர்ந்தது, வழியில் என்னென்ன பொருளைத் தூக்கிச் சுமந்தது என்று எழுதிக்கொண்டிருந்தார். ஊகத்தில் மூலம் சொல்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஆதாரம் கிடைக்காவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்.

அவர் மனைவி அபிராமி அதில் ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லை. "எங்கேருந்து வந்தா என்னங்க? வந்த வேலையைப் பாக்குதா இல்லையா, அதைப் பாருங்க" என்பாள். அவளும் அரசாங்க அலுவலகமொன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள்தான். காய்கறிக்காரனிடம் ஹிந்தியில் சண்டை போட்டு, ஹிந்தியிலேயே சமாதானமாகி, கொசுறாகக் கொத்தமல்லியும் வாங்கி வருகிறவள்.

தீபாவளி கழிந்து தில்லியைப் புகை மூடியிருந்த அந்த வாரம் ராஜசேகரன் எடுத்துக்கொண்ட சொல், காத்திரு என்கிற 'வெயிட்'. அபிராமி மூச்சுக்கு மருந்துப் புகை பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவர் எழுதியதைப் படித்துக் காட்டினார். அந்தச் சொல் முதலில் சும்மா உட்கார்ந்திருப்பதைக் குறிக்கவே இல்லை. பழைய ஜெர்மானியக் குடும்பத்து மொழியொன்றில் காவல் காப்பது என்ற பொருளில் பிறந்து, பிரான்சின் வடக்குப் பக்கம் போய், அங்கிருந்து கடல் தாண்டி இங்கிலாந்தில் இறங்கியது. இறங்கிய புதிதில், பகைவன் வருகிறானா என்று பதுங்கிப் பார்ப்பதற்குத்தான் அந்தப் பெயர். அப்புறம் எஜமானின் பக்கத்தில் நின்று முகக்குறிப்பறிந்து ஏவல் செய்வதையும் குறித்தது. ஓட்டலில் தட்டு வைக்கும் வெயிட்டர் அந்த வம்சம். பொழுது போகவில்லையே என்று பெஞ்சில் சாய்ந்திருக்கும் பொருள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

"நம்ம காத்திருங்கிறதும் காவல்தான், பாத்தியா? ஹிந்திக்காரன் சொல்ற இந்தஸார், அரபியில பார்வைங்கிற வேர்லேருந்து வந்தது. பிரதீக்ஷாவும் அப்படித்தான், பார்க்கிறது. எந்த ஊர்லயும் காத்திருக்கிறவன் பாத்துக்கிட்டேதான் இருந்திருக்கான்."

"பேஷ். கீழே கத்திரிக்காய் வண்டி போயிடுச்சா பாருங்க" என்றாள் அபிராமி. அதைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவளுக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது.

மறுநாள் காலை அந்த மருந்துப் புகையும் கேட்கவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. பக்கத்து வீட்டு சர்தார்ஜியின் காரில் பெரிய அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். எமர்ஜென்சியில் ஒரு இளம் டாக்டர் முகமூடியை மாட்டி, அபிராமி ஜி, மெதுவாக, மெதுவாக என்று ஹிந்தியில் கொஞ்சிக் கொஞ்சிச் சொன்னார். பையில் ஆக்ஸிஜன் ஓடியது. ராஜசேகரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அபிராமி முகமூடியை ஓரமாக நகர்த்தினாள். அவளுடைய அக்காவுக்கும் இதே வியாதி. தொண்டைக்குள் குழாயை விட்டார்கள். அந்தக் குழாயோடேயே அக்கா போய்ச் சேர்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அது அபிராமியின் மனதில் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது.

"என்னங்க. குழாய் கீழாய் போடறதா இருந்தா உங்களைப் பாத்துப் பேசிட்டுத்தான் போடணும். அவங்ககிட்டயும் சொல்லிட்டேன். எங்கேயும் போயிடாதீங்க."

"நான் எங்கே போறேன்?"

"உங்ககிட்ட சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு."

"இப்பவே சொல்லேன், அபிராமி."

அவள் தலையை ஆட்டினாள். மூச்சு இடம் கொடுக்கவில்லை. அப்புறம் என்று கையைக் காட்டினாள். அதற்குள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், ஐ.சி.யூ.வுக்கு.

இங்கே ஒரு பெயர் விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். அபிராமியின் அப்பா பெயர் மாசிலாமணி. மாயவரத்துப் பக்கம். நம் வழக்கப்படி அவள் மா. அபிராமி. கல்யாணத்துக்கு முன்பே வேலையில் சேர்ந்துவிட்டதால் அலுவலகத்திலும் கடைசிவரை அப்படியே இருந்தது. ஆதார் அட்டைக்குப் போனபோது, இனிஷியல் எல்லாம் ஏறாது, முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்றான் கணினிக்கு முன்னால் இருந்தவன். தில்லியில் இருக்கும் தமிழ்ப் பெண்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் புருஷன் பெயரைப் பின்னால் ஒட்டிக்கொண்டு தப்பித்துவிடுவார்கள். அபிராமியும் அதைத்தான் சொன்னாள். "அபிராமி ராஜசேகரன்னு போடச் சொல்லுங்க, வீட்டுக்குப் போகலாம்."

ராஜசேகரனா விடுவார்? இனிஷியல் முன்னால் வரும் என்றால் அதன் விரிவும் முன்னால்தான் வர வேண்டும், வாலில் கொண்டுபோய்க் கட்டுவது வெள்ளைக்காரன் பழக்கம் என்று அங்கேயே ஒரு பிரசங்கம் செய்தார். வரிசையில் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். கடைசியில் மாசிலாமணி அபிராமி என்று ஏற்றிவிட்டுத்தான் எழுந்தார். அப்புறம் காஸ்காரனும் பாங்குக்காரியும் போன் பண்ணி மாசிலாமணி ஜி இருக்கிறாரா என்று கேட்டால் எடுத்துப் பேசுகிறவள் அபிராமிதான். "செத்துப்போன எங்கப்பாவுக்கு சிலிண்டர் வந்திருக்கு" என்று சமையலறையிலிருந்து சிரிப்பாள். அவர் படித்துக்கொண்டிருப்பார், காதில் பாதிதான் விழும்.

ஐ.சி.யூ. வாசலில் ஒரு காவலாளி, சிறு மேசை, மைக். பீகார்க்காரர், மீசை நரைத்தவர். விதிகளைச் சொல்லித் தந்தார். நோயாளிக்கு ஒரு ஆள். அந்த ஆளுக்கு ஒரு அட்டை, கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே மருந்து வேண்டும் என்றாலும், கையெழுத்து வேண்டும் என்றாலும், பார்க்க விடுவதாக இருந்தாலும் மைக்கில் நோயாளி பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். உடனே வர வேண்டும். டாக்டர்கள் யாருக்காகவும் நிற்க மாட்டார்கள்.

ராஜசேகரன் அட்டையை வாங்கிப் பார்த்தார். மேலே பெரிய எழுத்தில் 'அட்டெண்டண்ட்' என்று போட்டிருந்தது. இந்தத் தில்லி ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு வந்தவருக்கு அதுதான் பெயர். அவர் பார்வை அங்கேயே நின்றுவிட்டது. பிரெஞ்சில் அந்த வினைக்குப் பொருள் காத்திருப்பது. லத்தீனில் போனால், ஒன்றை நோக்கித் தன்னை நீட்டுவது. அடடா, கட்டுரைக்கு இது விட்டுப்போயிற்றே என்று நினைத்துக்கொண்டார். மனுஷனுக்கு நெஞ்சு படபடக்கும்போது கைக்குப் பழகினதைத்தான் பிடித்துக்கொள்ளத் தோன்றும், அவருக்கு இது. அந்தச் சொல்லுக்குக் கீழே அச்சாகியிருந்த வரியை அவர் படிக்கவில்லை. அட்டையை மாட்டிக்கொண்டு, வாசலுக்கு நேர் எதிரே, கதவு தெரிகிற இடமாகப் பார்த்துத் தரையில் உட்கார்ந்தார்.

தாழ்வாரம் முழுக்க மனிதர்கள். கம்பளி, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில். ஒவ்வொரு பெயருக்கும் யாராவது ஒருவர் துடித்து எழுந்து ஓடினார்கள். ராம்வதி. ஷகீலா. குர்மீத் கௌர். ராஜசேகரன் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அபிராமி என்ற பெயர் வரவில்லை. வராதது நல்லதுதான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். பெங்களூரிலிருந்து மகள் சுபாஷிணி போன் செய்தாள். "அப்பா, ஃபிளைட் கிடைச்சிடுச்சு. காலையில வந்துடுவேன். அம்மா பேசறாங்களா?" பேசுவாள், கூப்பிடுவார்கள், போய்ப் பேசுவேன் என்றார்.

பிற்பகலில் மைக் கூப்பிட்டது. "மாசிலாமணி! மாசிலாமணி கே சாத் கௌன் ஹை?" மாசிலாமணியோடு வந்தவர் யார் என்று கேட்டது.

உங்களுக்குப் புரிந்துவிட்டது. அவருக்குப் புரியவில்லை. திட்டுவதற்கு முன்னால் இதையும் கேளுங்கள். மாமனார் பெயரை அவர் தம் வாயால் சொன்னதே கிடையாது. இருந்தவரை மாமா, போன பிறகும் மாமா. நம் வீடுகளில் பெரியவர்களின் பெயர் பத்திரிகைகளிலும் பத்திரங்களிலும் இருக்கும், நாக்கில் இருக்காது. காலையிலிருந்து எல்லா டாக்டர்களும் அபிராமி, அபிராமி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்ததால் அவர் காது அந்த ஒரு பெயருக்கே தீட்டி வைக்கப்பட்டிருந்தது. ஐ.சி.யூ. கணினி, சேர்க்கும்போது கொடுத்த ஆதார் அட்டையில் முதலில் இருந்த பெயரைப் பெயராக எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டது என்று அவருக்கு யார் சொல்வார்கள்?

அவருக்குத் தோன்றியது இதுதான்: ஐயோ, நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் உள்ளே கிடக்கிறார்!

மைக் மறுபடியும் கூப்பிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. பாவம், ஹிந்தி தெரியாத குடும்பமாக இருக்கும் என்று நினைத்தார். பாலம் கட்டும் வேலைக்கோ வீட்டுவேலைக்கோ வந்தவர்களாக இருக்கும். காவலாளியின் உச்சரிப்பில் அந்தப் பெயர் அவர்களுக்குப் பிடிபட்டிருக்காது. எங்கோ மூலையில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பார்கள், உள்ளே அந்த மனுஷன் அவர்களைத் தேடிக்கொண்டிருப்பான். ராஜசேகரனுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பஞ்சாபி அம்மாளிடம், "அபிராமின்னு கூப்பிட்டா என்னை ஒரு சத்தம் போட்டுக் கூப்பிடுங்க" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு எழுந்தார். அபிராமியை மறந்துவிட்டுப் போகவில்லை. காவலுக்கு ஆள் வைத்துவிட்டுத்தான் போனார்.

"மாசிலாமணி வீட்டுக்காரங்க யாராவது இருக்கீங்களா?" தாழ்வாரத்தில் தமிழில் குரல் கொடுத்துக்கொண்டே நடந்தார். படிக்கட்டுப் பக்கம் போய்க் கேட்டார். தண்ணீர்க் குழாயடியில் கேட்டார். வெளியே டீக்கடைக்கு அருகில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். சுண்ணாம்பு படிந்த சட்டை, தலையில் மப்ளர்.

"ஐயா தமிழா?" என்றார் அவர். பெயர் பெரியண்ணன். விழுப்புரம் பக்கம், கட்டட வேலை. மனைவி வேலம்மாள் கால் முறிந்து எலும்பு வார்டில் இருக்கிறாள்.

"மாசிலாமணிங்கிறவரோட ஆளுங்களா நீங்க?"

"இல்லீங்களே. எங்க ஆளுங்க குடிசை போட்டிருக்கிற பஸ்தியிலயும் அப்படி ஒரு பேரு இல்ல. இருங்க, அந்தாண்ட ரெண்டு தமிழாளுங்க குந்தினு இருந்தாங்க, கேட்டுப் பாக்கலாம்."

இருவரும் சேர்ந்து தேடினார்கள். அந்த இரண்டு பேரும் தெலுங்குக்காரர்களாக இருந்தார்கள். குளிர் எலும்பைத் தொட்டது. ஒரு டீ சாப்பிடுங்க ஐயா, முகம் வாடிக் கிடக்கு என்று பெரியண்ணன் வற்புறுத்தினார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத ராஜசேகரன் வாங்கிக் குடித்தார். இஞ்சி தட்டிப் போட்ட டீ. அத்தனை மணிநேரத்துக்குப் பிறகு ஒருவரோடு தமிழில் பேசுவது அவருக்கு இதமாக இருந்தது. இங்கே காத்திருக்கிறவனுக்கு அட்டெண்டண்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது தெரியுமா என்று ஆரம்பித்துவிட்டார். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் காடிப் பானையில் துள்ளி. பெரியண்ணன் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

அந்த டீ நன்றாக இருந்தது. பிற்பாடு அவரால் தாங்கிக்கொள்ள முடியாமல் போனது அதைத்தான்.

திரும்பி வந்ததும் பஞ்சாபி அம்மாளிடம் கேட்டார். அபிராமி என்று யாரும் கூப்பிடவில்லை என்றாள். நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு காவலாளியின் மேசைக்குப் போனார். மாசிலாமணியின் ஆட்களை எங்கும் காணோம், மைக்கை ஒரு நிமிஷம் கொடுங்கள், நான் தமிழில் கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்று ஹிந்தியில் சொன்னார்.

காவலாளி அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து, மேசைக்கு மேலாகக் கையை நீட்டி, ராஜசேகரனின் கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பி அவர் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

"அங்கிள் ஜி, யே க்யா லிக்கா ஹை?"

என்ன எழுதியிருக்கிறது என்று இப்போதுதான் படித்தார். நோயாளி: மாசிலாமணி. அப்படியே கதவுக்கு ஓடினார். பாவம், காவலாளிமேல் ஒரு தப்பும் இல்லை. தொண்டை கட்டக் கட்டக் கூப்பிட்டிருக்கிறார். தாழ்வாரத்தில் ஒரு கிழவர் அந்தப் பெயரையே கூவிக்கொண்டு போனதை அவரும் கேட்டிருக்கிறார். நோயாளியின் ஆள் கிடைக்காமல் இன்னொரு சொந்தக்காரர் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டார்.

உள்ளே விட்டார்கள். அபிராமியின் வாயில் குழாய் இருந்தது. உதட்டோரம் பிளாஸ்திரி. நெஞ்சு இயந்திரத்தின் சொல்படி ஏறி இறங்கியது. டாக்டர் பெண்மணி கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. ரத்தத்தில் கரியமிலவாயு ஏறிக்கொண்டே போயிற்று, முடிந்தவரை பொறுத்துப் பார்த்தோம், பேச வேண்டும் என்று அவர் கேட்டதால்தான் அத்தனை முறை கூப்பிடச் சொன்னேன் என்றார். வேறொரு கட்டிலில் மணி அடித்தது. அவர் அங்கே ஓடினார்.

கட்டிலருகே ஒரு நர்ஸ் நின்றிருந்தாள். கட்வால் மலைப் பக்கத்துப் பெண். குழாய் போடும்போது அபிராமியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

"ஏதாவது சொன்னாளா?" ராஜசேகரன் ஹிந்தியில் கேட்டார்.

"நிறையச் சொன்னாங்க அங்கிள். முகமூடியை எடுத்ததும் பேச ஆரம்பிச்சாங்க. நிறுத்தவே இல்லை."

"என்ன சொன்னா?"

நர்ஸின் முகம் சுருங்கியது. "உங்க மொழியில பேசினாங்க. எனக்குப் புரியல."

நாற்பது வருஷம் இந்த ஊர் ஹிந்தியைப் பிழிந்து குடித்தவள், அந்த நேரத்தில் அதை உதறிவிட்டுத் தமிழில் பேசியிருக்கிறாள். அவருக்காக வைத்திருந்ததை வேறு எந்த மொழியில் சொல்வாள்?

அவர் விடவில்லை. தொழில்காரர் கேட்பது போலக் கேட்டார். எப்படி ஆரம்பித்தது? முதல் ஒலி என்ன? கேள்வி கேட்பது போல முடிவில் குரல் ஏறியதா? ஏதாவது ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாளா? கோபமா, வருத்தமா? அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு உண்மையாகவே யோசித்தாள். உதடு அசைந்தது. ஏதோ ஒரு ஒலியைப் பிடிக்கப் பார்த்தாள், பாதியில் விட்டுவிட்டாள். "நடுவுல ஒரு தடவை சிரிச்சாங்க" என்றாள். "அதுக்கு மேல எனக்குத் தெரியல அங்கிள். மன்னிச்சுடுங்க."

தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று அவள் பயந்தாள். நல்ல பெண். ராஜசேகரன் அபிராமியின் காதருகே குனிந்து, நான் வந்துட்டேன் என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார். இயந்திரம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நேரமாகிவிட்டது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அதன்பிறகு அவர் அந்தக் கதவை விட்டு நகரவில்லை. பெரியண்ணன் கொண்டுவந்து கொடுத்த ரொட்டி மடியில் கிடந்து காய்ந்தது. மைக்கில் எந்தப் பெயரைச் சொன்னாலும் எழுந்து நின்றார். ஷகீலாவுக்கும் நின்றார். உட்காருங்கள் அங்கிள் ஜி, உங்களுடையது வந்தால் நானே வந்து தொட்டுச் சொல்கிறேன் என்று காவலாளி கெஞ்சினார். விடியும் சமயம் அவர் எழுந்து வந்து தோளைத் தொட்டார். மைக்கில் கூப்பிடவில்லை.

சுபாஷிணி விமான நிலையத்திலிருந்து நேராக வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தாழ்வாரத்தில் அப்பாவைக் கட்டிக்கொண்டு விம்மினாள். தில்லியில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் பேசுகிற தமிழ் மட்டும் உண்டு, எழுதப் படிக்க வராது. அழுகை ஓய்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"அம்மா லாஸ்ட்டா என்னப்பா சொன்னாங்க? நீங்க பக்கத்துல இருந்தீங்கல்ல?"

தெரியவில்லை என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். வாழ்நாள் முழுவதும் அந்தச் சொல்லைக் கூச்சமில்லாமல் எழுதியவர்தான். மகள் முகத்தைப் பார்த்தார். அந்தச் சொல் எழும்பவில்லை.

"உன்னைப் பத்திதான்" என்றார். "சுபா தனியா கஷ்டப்படுவா, அவளை வையாதீங்கன்னா. நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கன்னா."

"அப்படியா சொன்னாங்க?"

"ஆமாம்மா. நடுவுல சிரிச்சா."

அது ஒன்றுதான் நிஜம். சுபாஷிணியின் முகம் மறுபடி உடைந்தது, ஆனால் இந்த முறை அதில் ஒரு ஆறுதல் இருந்தது. அப்பாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னொரு வாட்டி சொல்லுங்கப்பா. அம்மா சொன்ன மாதிரியே."

ராஜசேகரன் சொன்னார். "சுபா தனியா இருப்பா, அவளைக் கோவிச்சுக்காதீங்க, நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்க..."

"இல்லப்பா" என்றாள் சுபாஷிணி. "முதல்ல வேற மாதிரி சொன்னீங்க. தனியா கஷ்டப்படுவா, வையாதீங்கன்னு. கரெக்டா சொல்லுங்கப்பா, அம்மாவோட வார்த்தை."

"ஆமா" என்றார் அவர். "நீ சொல்றதுதான் சரி. அப்படித்தான் சொன்னா."